ஜூன் மாதத்து வம்சம்

அண்ணனுக்கு இந்தியக் கார்டு வேண்டும்.
திருப்பூரில் துணி எடுக்கிறான்,
ஒவ்வொரு தடவையும் விசாவுக்கு அலைய முடியவில்லையாம்.
மனுவில் ஒரு கட்டம்:
பாட்டன் அல்லது பூட்டன், பிறந்த ஊர், சான்று.
நீதானே கணக்கப்பிள்ளை, நீ தேடு என்றான்.
பீடோங்கில் ஒரு டயர்க்கடைக்குக் கணக்கெழுதுகிறேன்,
அந்தத் தகுதி போதும் அவனுக்கு.

பூட்டனைப் பற்றி எங்களிடம் இருந்தது
தாத்தாவின் அடையாளக் கார்டில்
அனாக் லெலாக்கிக்குப் பின்னால் வருகிற
சடையப்பன்.
அவ்வளவுதான்.

மூணாங்கட்டைத் தோட்டம் இப்போது தாமான்.
மரம் சாய்த்த வருடம்
ஆபீஸ் அலமாரிகளை ஏலத்தில் எடுத்தவர்
பழைய இரும்பு ஆ செங்.
இரும்பு போய்விட்டது.
உள்ளே கிடந்த செக்ரோல் புத்தகங்களை
விற்க மனமில்லை, அல்லது மறந்துபோனார்;
இரண்டும் அவருக்கு ஒன்றுதான்.
எடுத்துப்போனால் கிலோ நாற்பது காசு,
இங்கேயே படித்தால் சும்மா என்றார் மலாயில்.

மூன்று ஞாயிறு போனது.
கரையான் ஐந்து வருடங்களைத் தின்றிருந்தது.
1931-இன் மேல் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது,
அந்த வருடத்தை நான் எழுப்பவில்லை.
யாழ்ப்பாணத்துக் கிராணியின் சாய்ந்த இங்கிலீஷ்:
ஆள் நம்பர், பேர் போட்ட நாள்,
பால் எத்தனை ராத்தல்,
மழை, மழை, மழை, சீக்கு.

நம்பர் 212. சடையப்பன். சேலம் ஜில்லா.
கிடைத்துவிட்டான்!
ஓடிப்போய் ஆ செங்குக்கு ஒரு கோப்பி வாங்கி வந்தேன்.
உட்கார்ந்து பக்கத்தைத் திருப்பினால்
1926 மே பத்தொன்பது:
காய்ச்சல். இறப்பு.
சம்பளப் பாக்கி கங்காணியிடம்.

தாத்தா பிறந்தது முப்பத்திரண்டில்.

கணக்கெழுதுகிறவளுக்கு
முதல் சந்தேகம் தன் மேல்தான் வரும்.
விரல் வைத்து மறுபடி படித்தேன். இறப்புதான்.
அடுத்த பக்கம் ஜூன்.
நம்பர் 212, சடையப்பன்,
பேர் போட்ட நாள் இருபத்தாறு.
செத்தவன் விடியற்காலைப் பெரட்டுக்கு வந்து நின்று
மரம் ஏற்றுக்கொண்டிருக்கிறான்.

தலைக்காசை விட மனமில்லாத கங்காணி
யாரையோ அந்த நம்பருக்குள் ஏற்றியிருக்க வேண்டும்.
யாரை?
வேறு தோட்டத்துக் கடனுக்கு ஓடி வந்தவனையா,
பேரைத் தொலைத்தே ஆகவேண்டிய காரியம் ஏதாவது
ஊரில் செய்துவிட்டுக் கப்பல் ஏறியவனையா?
தெரியாது. தெரியப்போவதும் இல்லை.
நாங்கள் மே மாதத்துக்காரர்கள் இல்லை,
ஜூனில் தொடங்குகிறோம்.

அப்படியானால்
ஆடி அமாவாசைக்கு மெர்போக் ஆற்றில்
அப்பா எள்ளும் தண்ணீரும் விட்டுச் சொன்ன பேர்
எவனுக்குப் போய்ச் சேர்ந்தது?
பிள்ளையில்லாமல் காய்ச்சலில் போய்
எந்த மரத்தடியில் புதைத்தார்களோ, அவனுக்கு.
அறுபது எழுபது வருடம் எங்கள் வீட்டுச் சோறு.
அதில் எனக்கு வருத்தமில்லை,
பேருக்கு வாடகை என்று எழுதிக்கொள்ளலாம்.
நம்மாள்தான் பட்டினி.

ஜூன் கடைசியில், குறிப்புக் கட்டத்தில்
கிராணி ஒரு வரி எழுதியிருந்தார்:
212, இடக்கை. பட்டையைக் கெடுக்கிறான்.
அபராதம் பத்து காசு.

அண்ணன் போனில் கேட்டான், பேர் இருக்கா?
இருக்கு.
ஊர்?
இருக்கு. ஆனா…
அப்புறம் என்ன ஆனா?

மறுநாள் காரை அணைக்காமலே கடைக்குள் வந்தான்.
டயர் அடுக்கின் மேல் மனுவை விரித்துக்
கையெழுத்துப் போட்டான்.
ஒண்ணாம் வகுப்பில் டீச்சர்
ரூல்தடி உடைகிற வரைக்கும் அடித்தும்
திருந்தாத அந்தக் கை
எழுதிய பேர் மேலேயே ஊர்ந்து போனது,
சுண்டுவிரல் ஓரமெல்லாம் நீலம்.

என்ன அப்படிப் பார்க்கிறே என்றான்.

ஒண்ணுமில்லே,
மை காயட்டும்.